நட்சத்திரங்கள் இருந்தும் கடைசி இடம்

தோவாளை வட்டாரத்தில் சாயங்காலம் கபடிக்கு இறங்கும் தம்பிகளுக்கு இந்தத் தகவல்.

புரோ கபடியில் நம்ம தமிழ் தலைவாஸ் 2017-ல் கால்வைத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தன் பிரிவில் கடைசி. 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே அணியில். அப்போதும் 12 அணிகளில் 12-ஆவது இடம்தான்!

2022-ல் இரண்டேகால் கோடிக்கு மேல் கொடுத்து எடுத்த பவன் ஷெராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். தொடர் தோல்வி. நடுவில் பயிற்சியாளராக வந்தவர் அஷன் குமார். அவர் கையில் இருந்தது இளம் அணி. பாடிப் போக நரேந்தர், பிடிக்க சாகர், சாஹில் குலியா.

பிடியில்தான் பயிற்சி தெரியும். கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்த அந்த நொடியே பக்கத்தில் நிற்கும் கவர் பாய்ந்து அமுக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் பாடி வந்தவர் கோட்டைத் தொட்டுவிடுவார். இது தனி ஆள் திறமையில் வராது. களைத்துப்போன பிறகும் சேர்ந்து பழகிப் பழகித்தான் வரும்.

அந்த அணி முதன்முறையாக பிளேஆஃப் போனது. உ.பி. யோத்தாஸுடன் 36-36 சமன். டைபிரேக்கரில் 6-4 வெற்றி. அரையிறுதியில் புனேயிடம் தோற்றது, வெறும் இரண்டே புள்ளியில்.