“இது என் வீடு!” – மசாலாக் கடை வாசலில் கண் கலங்கிய முதியவர்

70 ஆண்டுக்குப் பிறகு பிறந்த மண்ணைத் தேடி வந்தார்

கொச்சி:-

மட்டாஞ்சேரி யூதத் தெரு. காலை 10 மணி. ஏலக்காய், மிளகு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம்.

தலையில் சின்னக் குல்லா வைத்த முதியவர் ஒருவர் மசாலாக் கடை முன் வந்து நின்றார். வயது 80-க்கு மேல். கூடவே வாலிபப் பேரன்.

“வாங்க ஐயா, ஏலக்கா பாருங்க. முதல் தரம்” என்று அழைத்தார் கடைக்காரர். அவர் தென்காசிப் பக்கத்து ஆள்.

பெரியவர் சரக்கைப் பார்க்கவில்லை. வாசல் நிலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

“இது என்றெ வீடாணு, மோனே” என்றார், சுத்த மலையாளத்தில்!

கடைக்காரர் திகைத்துப் போனார்.

நிலையில் ஒரு ஆணி

வேத வாசகம் எழுதிய சுருளைச் சிறு குழலில் வைத்து வாசல் நிலையில் அடிப்பது யூதர்கள் வழக்கம். அது இருந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று மட்டும் பாக்கி. அதில் கடைக்காரர் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

பெரியவர் இஸ்ரேலிலிருந்து வந்தவர். 1954-ல் பெற்றோருடன் இந்த வீட்டை விட்டுப் போனபோது சிறு பையன்.

ஆயிரம் ஆண்டு உறவு

கேரளத்து யூதர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை உள்ளிட்ட உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். 1568-ல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம், கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டியே நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அடிமை வம்சம் என்று சொல்லி ஒரு பிரிவினருக்கு அந்த ஆலயத்துக்குள் சம இடம் தரவில்லை. அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடத்தியவர் வக்கீல் ஏ.பி.சேலம். சென்னையில் சட்டம் படித்தவர். “யூத காந்தி” என்று பெயர் எடுத்தவர். தெருவுக்கே இன்று அவர் பெயர்தான்.

1948-ல் இஸ்ரேல் உருவானது. அப்போது இங்கே சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். புண்ணிய பூமி ஆசையில், சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை. வீடுகள் கைமாறிக் கடைகள் ஆயின.

சுவர் இங்கே, மரம் அங்கே!

பெரியவர் குடும்பம் தொழுத கடவும்பாகம் ஜெப ஆலயம் கயிறு கிடங்காகக்கூட இருந்தது. அதன் உள்புற மர வேலைப்பாடுகள் 1990-களில் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்துக்குப் போய்விட்டன. மட்டாஞ்சேரியில் நின்ற வெறும் சுவரும் 2019 மழையில் முன்பக்கம் இடிந்து விழுந்தது.

“மரத்தை அங்கேயே பார்த்துட்டேன். சுவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்” என்றார் பெரியவர்.

இறந்த தகப்பனாருக்காகப் பிரார்த்தனை சொல்ல ஆசை. அந்தப் பிரார்த்தனைக்கு 10 யூத ஆண்கள் கூட வேண்டும். தெருவில் சுற்றுலாக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கணக்குக்குத் தாத்தாவும் பேரனும் 2 பேர்தான்! நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டார்.

கடைக்காரர் எலுமிச்சை, மிளகாயை அவிழ்த்தார். ஆணியைப் பக்குவமாகப் பிடுங்கிப் பேரன் கையில் கொடுத்தார்.

“தம்பி, இது உங்க வீட்டு ஆணி. வச்சுக்குங்க.”

கிளம்பும்போது பெரியவர் ஏலக்காய் கால் கிலோ கேட்டார். பணத்தை நீட்டினார். கடைக்காரர் கையை மடக்கிக்கொண்டார்.

“உங்க வீட்டுல வச்சு உங்ககிட்டயே காசு வாங்குறதா ஐயா? போயிட்டு வாங்க.”