பொத்தானைத் தொடாமலே போன படிவம்

மாணவர்களே, கணிப்பொறியில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொண்டிருக்கிறீர்கள். பெயரை எழுதியதும், அடுத்த கட்டத்துக்குப் போகும் எண்ணத்தில் ‘என்டர்’ விசையைத் தட்டுகிறீர்கள். படிவம் போய்விடுகிறது! ‘அனுப்பு’ என்னும் பொத்தானை நீங்கள் தொடவே இல்லையே, பிறகு எப்படிப் போயிற்று?

முதலில் விசையின் பரம்பரையைப் பார்ப்போம். பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் ஒரு நெம்புகோலைத் தள்ளுவார்கள். தாள் ஏந்திய உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தாளும் ஒரு வரி மேலேறும். மின் தட்டச்சுப் பொறியில் இவ்வேலையை ஒரு விசை ஏற்றது. 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் திரும்புதலுக்கு 13, வரி ஏற்றத்துக்கு 10 என்று எண்கள் தரப்பட்டன. கணிப்பொறி வந்தபின் அதே விசைக்கு, ‘எழுதி முடித்தேன், எடுத்துக்கொள்’ என்ற இன்னொரு பொருளும் சேர்ந்தது.

இரண்டில் எதைக் கொள்வது என்று உலாவி எப்படி அறியும்? அதற்கு விதி உண்டு. பல வரி எழுதும் பெட்டியில் என்டர் புதிய வரியைத் தொடங்கும். ஒற்றை வரிப் பெட்டியில் தட்டினால், உலாவி அப்படிவத்தின் முதல் ‘அனுப்பு’ பொத்தானைத் தேடி, அதை நீங்களே அழுத்தியதாகக் கொள்ளும். அத்தகைய பொத்தானே இல்லாமல், ஒற்றை வரிப் பெட்டிகள் பல இருந்தால் படிவம் நகராது. ஒரே ஒரு பெட்டி இருந்தால் என்டர் அனுப்ப வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் எச்.டி.எம்.எல். 2.0 வரையறையிலேயே உள்ளது.

இது வெறும் வசதி தானா? என்னிடம் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் உதவித்தொகைப் படிவம் ஒன்றை நிரப்பினார். அன்று கடைசி நாள். என்டரைத் தட்டினார், ஒன்றும் நிகழவில்லை. படிவத்தை அமைத்தவர், உண்மையான பொத்தானுக்குப் பதில் பொத்தான் போன்ற ஒரு படத்தை வைத்து, சுட்டிக்கு மட்டுமே பதில் தருமாறு செய்திருந்தார். சுட்டியின் அம்பைக் காண முடியாதவர் என்ன செய்வார்? “ஐயா, எல்லாம் நானே எழுதினேன், அனுப்ப மட்டும் முடியவில்லை” என்றார். நான் ஒருமுறை சொடுக்கியதும் படிவம் போயிற்று. நான் அருகில் இல்லாதிருந்தால்?

கை நடுங்குவோருக்கும் இதே இடர்தான். ஆகவேதான் 2008இல் வெளியான வலைப்பக்க அணுகல் நெறிகள், எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்தன.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். சுட்டியை ஒதுக்கி வையுங்கள். ‘டேப்’ விசை அடுத்த கட்டத்துக்கும், ‘ஷிப்ட்’டுடன் சேர்ந்த டேப் முந்தைய கட்டத்துக்கும் கொண்டு போகும். இடைவெளி விசை தேர்வுக் கட்டத்தில் குறியிடும். ஏதேனும் தேடல் பக்கத்தில் தொடங்குங்கள். உண்மையான விண்ணப்பத்தில் வேண்டாம்! சுட்டி இல்லாமல் முடியாத இடங்களைக் குறித்து வையுங்கள். நாளை நீங்களே படிவம் அமைக்கும்போது அக்குறிப்பு உதவும்.