வயலும் வரவும் – 9: அரை சென்ட் பங்கு

அமெரிக்க அரசு விவசாயத்துக்குக் கொட்டிக்கொடுக்கும் பணம் யார் மடியில் விழுகிறது? இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டிதான் நினைவுக்கு வரும். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி ஆற்றுச் சமவெளி. இன்று அங்கே நெல் விளைகிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எங்கும் பருத்தி.

1932இல் பருத்தி விலை பவுண்டுக்கு ஆறேழு சென்ட் என்று படுத்துவிட்டது. மறு வருஷம் மே மாதம் ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறை, விலை தானாக ஏறும் என்பது கணக்கு. அதற்குள் செடி முளைத்து நின்றது. உழுது மடக்குங்கள், காசு தருகிறோம் என்றார்கள். சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி மண்ணுக்குள் போனது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், வரிசையின் மேல் காலை வைக்க மாட்டோமென்று முரண்டு பிடித்ததாகச் சொல்வார்கள்.

காசும் வந்தது. ஆனால் பாயின்செட்டில் உழுதவர்களில் நிறையப் பேர் வாரக்குடிகள். நிலம், விதை, கழுதை எல்லாம் பண்ணையாருடையது. வெள்ளாமையில் பாதிதான் இவர்களுக்கு, அதிலும் கடைக்கடன் கழியும். 1934 ஒப்பந்தத்தைப் பாருங்கள்: விதைக்காமல் விட்ட நிலத்துக்கு, அதில் விளைந்திருக்கக்கூடிய பருத்தியைக் கணக்கிட்டுப் பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் மூன்றரை சென்ட் நில வாடகையாம், முழுக்கப் பண்ணையாருக்கு. மிச்சமுள்ள ஒரு சென்ட்டில் ஆளுக்குப் பாதி. நான்குக்கு அரை! அந்த அரையும் பண்ணையார் கை வழியாகத்தான் வர வேண்டும்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. நிலம் குறைந்தால் ஆள் எதற்கு? குடிகளை ‘கூடியவரை’ வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்தக் ‘கூடியவரை’யில் ஒரு பண்ணையே நுழைந்து போகலாம். குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

1934 ஜூலையில் டைரான்சா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 வெள்ளையர், 7 கறுப்பர். அந்த நாளில் அந்த மண்ணில் இரண்டு நிறமும் ஒரே சங்கத்தில் சேர்வது உயிரோடு விளையாடுவது. தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படிப் பிறந்தது. அமைத்தவர்களில் மிட்செல் சலவைக்கடைக்காரர், கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் நடத்தியவர். வாஷிங்டனில் வேளாண் துறை சட்ட அதிகாரி ஜெரோம் ஃபிராங்க் ஒப்பந்தத்தின் அந்தக் ‘கூடியவரை’ வரிக்குக் குடிகளுக்குச் சாதகமாக விளக்கம் கொடுக்கப் பார்த்தார். 1935 பிப்ரவரியில் அவரையும் அவர் ஆட்கள் சிலரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். செனட்டில் ஆளுங்கட்சித் தலைவர் ஜோ ராபின்சன் ஆர்கன்சாக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

இன்றைய விதி வேறு. நெல்லின் சந்தை விலை அரசு குறித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். குறித்த விலை 100 பவுண்டுக்கு 14 டாலராக இருந்தது. 2025 சட்டம் அதை 16.90 ஆக்கியது. ஆளுக்கு உச்சவரம்பையும் அதே சட்டம் 1,55,000 டாலராக வைத்தது. பணம் இப்போது நட்ட பயிருக்கு அல்ல, அந்த நிலத்தின் பேரில் பழைய ஆண்டுகளை வைத்து ஏட்டில் பதிந்த ஏக்கருக்கு. ரொக்கக் குத்தகை என்றால் செக் உழுபவர் பேருக்கே வரும். கேட்க நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் மானியம் வருகிற நிலம் என்று தெரிந்தால் சொந்தக்காரர் குத்தகையைக் கூட்டிவிடுவார். பவுண்டுக் கணக்கில் போனது இப்போது ஏக்கர் கணக்கில் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மானியக் கணக்குகளைக் கவனிக்கும் கவுண்டி கமிட்டிகளை அங்குள்ள விவசாயிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கமிட்டிகள் தங்களை நிறம் பார்த்து ஒதுக்கின என்று கறுப்பின விவசாயிகள் போட்ட வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)