அரிச்சந்திரன் (பொம்மலாட்டம்)

அரிச்சந்திரன் என்பது தமிழ்நாட்டுப் பொம்மலாட்டக் குழுக்கள் நடத்திவரும் மரபுவழி நாடகங்களுள் ஒன்று ஆகும். பொய் கூற மறுத்ததால் நாட்டை இழந்து, சுடுகாட்டுக் காவலனாகிய அயோத்தி மன்னனின் கதையை இது கூறுகிறது. வீரகவிராயர் இயற்றிய அரிச்சந்திர புராணம் இக்கதையைத் தமிழில் விரிவாகக் கூறும் நூலாகும். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரங்கள் பொம்மலாட்டத்துக்குப் பெயர்பெற்றவை. செஞ்சியை உள்ளடக்கிய வட தமிழ்நாட்டில் இக்கதை தெருக்கூத்தாகவும் ஆடப்படுகிறது.

பாவைகள்

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் கயிறு, கம்பி ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. மரப்பாவையின் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆட்டுநர் அவ்வளையத்தை முடி போலத் தலையில் அணிந்துகொள்வார். பாவையின் கைகளில் இணைக்கப்பட்ட கம்பிகளைத் தம் இரு கைகளாலும் இயக்குவார். எனவே ஆட்டுநர் தலை அசைத்தால் பாவையும் அசையும். இந்திய மரபுப் பாவைகளுள் இவை மிகப் பெரியவை. ஒரு பாவை 4.5 அடி உயரமும் சுமார் 10 கிலோகிராம் எடையும் கொண்டதாக இருக்கலாம்.

மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டுவது தமிழகத்தில் பழமையான வழக்கமாகும். திருக்குறளின் 1020 ஆம் குறள், நாணமற்றவரின் நடமாட்டத்தை இத்தகைய பாவையின் இயக்கத்துடன் ஒப்பிடுகிறது.

ஆட்ட முறை

கதை தொடங்கும் முன் விநாயகர் பூசை, கோமாளி, அம்மானை ஆட்டம், பூசணிக்காய் ஆட்டம் ஆகிய நான்கு நிகழ்ச்சிகள் இடம்பெறும். கோமாளி சிறுவர்களைச் சிரிக்க வைக்கும் பாத்திரம் ஆகும். செருமானிய பாவை நாடகங்களில் வரும் காசுபர் என்னும் கோமாளியை இதனுடன் ஒப்பிடலாம். ஓட்பிரீட் பிராய்சிலர் 1962 இல் எழுதிய சிறுவர் கதையில் காசுபரும் அவனது நண்பனும் ஒரு திருடனைப் பிடிக்கின்றனர். அங்கே திருடன் இறுதியில் அகப்படுகிறான். அரிச்சந்திரன் கதையிலோ கள்வர் தப்பிவிட, குற்றமற்றவள் பிடிபடுகிறாள்.

கதைச் சுருக்கம்

விசுவாமித்திரரின் சோதனையால் அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். கடனை அடைக்க மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் விற்கிறான். தானும் வீரவாகு என்பவனுக்கு அடிமையாகிச் சுடுகாட்டைக் காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி அங்குக் கொண்டுவருகிறாள். சுடுகாட்டுக் கட்டணம் இன்றி உடலை எரிக்கக் காவலன் இசையவில்லை. அவளுடைய தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பதால், அதனை அவன் குறிப்பிட்டவுடன் இருவரும் ஒருவரையொருவர் அறிகின்றனர்.

உறவு தெரிந்த பின்னரும் அவன் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அது தன் எசமானனுக்கு உரியது என்கிறான். பணம் கேட்கச் செல்லும் சந்திரமதி, கள்வர்கள் கொன்று போட்டிருந்த காசி இளவரசனின் உடலைக் கண்டு எடுக்கிறாள். கொலைப்பழி அவள் மேல் விழுகிறது. அவளை வெட்டும் பணி அரிச்சந்திரனுக்கே வருகிறது. ஓங்கிய வாள் மாலையாக மாற, தேவர்கள் தோன்றி அனைத்தையும் மீட்டளிக்கின்றனர்.

பாவைகளின் முகம் மாறாதது. ஆதலால் தந்தையின் துயரமும் காவலனின் கண்டிப்பும் பின்னணியில் பாடிப் பேசுபவரின் குரலாலேயே புலப்பட வேண்டும். மயான காண்டம் சிறப்பாக அமைவது இக்குரலைப் பொறுத்ததாகும்.

சமூகத் தாக்கம்

தமிழ்நாட்டின் பல சுடுகாடுகளின் வாயிலில் அரிச்சந்திரன் கல்லோ சிறு கோயிலோ காணப்படுகிறது. பாடையை அங்கு இறக்கிச் சடங்கு செய்த பின்னரே உள்ளே கொண்டு செல்வர். மன்னனாக இருந்தபோது அல்லாமல், தாழ்வாகக் கருதப்பட்ட பணியைச் செய்தபோது அவன் நின்ற இடத்திலேயே மக்கள் அவனை வழிபடுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சிறுவயதில் கண்ட அரிச்சந்திர நாடகம் தம் மனத்தைக் கவர்ந்ததாக மகாத்மா காந்தி தன்வரலாற்றில் கூறுகிறார். 1913 இல் வெளியான தாதாசாகேப் பால்கேயின் முதல் திரைப்படமும் இக்கதையே. பேச்சு வழக்கில் உண்மை பேசுபவரை அரிச்சந்திரன் என்பர். பொய் பேசுபவரை அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று கேலி செய்வதும் உண்டு.

இன்றைய நிலை

இன்று மரப்பாவைகளைக் கொண்டு ஆடும் குழுக்கள் சிலவே உள்ளன. பாரமான பாவையைத் தலையால் தாங்கி ஆடுவதற்கு நீண்ட பயிற்சி தேவை. பாடகர், மிருதங்கம், ஆர்மோனியம் ஆகியோரும் இவையும் இன்றி ஆட்டம் நிறைவு பெறாது. பாவைகளை அருங்காட்சியகத்தில் காக்க இயலும். ஆட்டமும் குரலும் பயிலும் இளையோர் இருந்தால் மட்டுமே நிலைக்கும்.