நானோபொருள் மின்வேதி உணரி

நானோபொருள் மின்வேதி உணரி என்பது இரத்தம், சிறுநீர் போன்றவற்றில் உள்ள குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளின் அளவை மின்னோட்டமாக மாற்றி அறியும் சிறு கருவி ஆகும். இதன் மின்வாய் மீது பொன் நுண்துகள், கரிம நானோகுழாய், கிராபீன் முதலிய நானோபொருட்கள் பூசப்பட்டிருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

வரலாறு

1962 இல் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்சு ஆகிய அமெரிக்கர்கள் குளுக்கோசை அளக்கும் நொதி மின்வாயை முன்மொழிந்தனர். மின்வேதி முறையில் இயங்கும் வீட்டுக் குளுக்கோமீட்டர் 1987 இல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இத்துறை ஆய்வுகள் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெறுகின்றன. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் அமைந்த இந்நிறுவனத்திற்கு 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1953 இல் அது திறக்கப்பட்டது.

செயற்பாடு

குளுக்கோமீட்டர் பட்டையில் விடப்படும் இரத்தத்துளியில் உள்ள குளுக்கோசை அதிலுள்ள நொதி ஆக்சிசனேற்றம் செய்கிறது. அப்போது வெளிப்படும் எதிர்மின்னிகளை (இலத்திரன்களை) ஓர் இடையூக்கி மின்வாய்க்குக் கடத்துகிறது. குளுக்கோசு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும்.

இரத்தத்தில் குளுக்கோசு 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் உள்ளதால் அதை எளிய கரி மின்வாயே அளந்துவிடும். ஆனால் மாரடைப்பைக் காட்டும் துரோப்போனின் புரதம் லிட்டருக்கு நானோகிராம் கணக்கிலேயே காணப்படும். அதன் மின் குறிகை மிக மெலிந்தது. நானோபொருட்கள் மின்வாயின் பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. எதிர்மின்னிகளையும் விரைந்து கடத்துகின்றன. இதனால் மெலிந்த குறிகையும் அளக்கத்தக்கதாகிறது.

பயன்பாடு

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்திலுள்ள பரளச்சி போன்ற வானம் பார்த்த ஊர்களில் விரிவான ஆய்வகச் சோதனைக்கு அருப்புக்கோட்டை போன்ற நகரங்களுக்குச் செல்ல வேண்டியுள்ளது. கூலி வேலை செய்வோருக்கு இது ஒருநாள் ஊதிய இழப்பாகும். தமிழ்நாடு அரசு 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுகளிலேயே சர்க்கரை அளவு பார்க்கப்படுகிறது. சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றையும் இவ்வாறே கண்டறிவது இவ்வகை உணரி ஆய்வுகளின் நோக்கங்களுள் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்விலிருந்து உருவான 'அனுபாத்' என்னும் கையடக்கக் கருவி, குளுக்கோசுடன் ஈமோகுளோபின், சிறுநீர் அல்புமின் முதலியவற்றையும் மின்வேதி முறையில் அளக்கிறது.

வரம்புகள்

வெப்பத்திலும் ஈரத்திலும் நொதி செயலிழக்கும். பல பட்டைகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பரளச்சிப் பகுதியின் கோடைவெயிலோ அதனினும் கூடியது. இரத்தசோகை உள்ளவரிடம் பல குளுக்கோமீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும். இதனால் ஆபத்தான தாழ்சர்க்கரை நிலை மறைந்துவிடலாம். எனவே ஐயத்திற்குரிய முடிவுகளை ஆய்வகத்தில் உறுதிசெய்தல் இன்றியமையாதது.