கடனீர்த் தொட்டியிற் பாசி

கடலும் பரவைக்கடலும் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், கடனீரைச் சிறு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி மீன், நண்டு, ஊரி முதலியவற்றை வளர்த்துப் பார்த்தல் மாணவர்க்குப் பயன்தரும் முயற்சியாகும். அம்முயற்சியில் இறங்கினோர் பெரும்பாலும் முதலிற் சந்திக்கும் இடையூறு பாசி. கண்ணாடியும் கல்லும் மணலும் நிறம் மாறி, ஈற்றில் உயிர்கள் கண்ணுக்குப் புலப்படா நிலை உண்டாகிறது. அதனை அழிக்க முற்படுமுன், அதற்கு உணவூட்டுவது யாது என வினவுதல் முறையாகும். குடாநாட்டில் அவ்வினாவிற்குரிய விடை தொட்டியினுள் மட்டும் அடங்குவதன்று. நம் வீட்டுக் கிணறுவரை செல்வது.

தொட்டியிற் பாசியென நாம் அழைப்பன யாவும் ஓரினத்தன அல்ல. புதிய தொட்டியில் முதற் சில வாரங்களிற் கபில நிறப் படலமாகத் தோன்றுவன தயற்றங்கள். அவை நீரிற் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு ஓடமைத்து வாழ்வன. சிலிக்கா குறையவே அவை தாமே பெரும்பாலும் மறையும். மயிரிழை போல் நீண்டு கல்லைப் பற்றி வளர்வன பச்சைப் பாசிகள். செந்நிறமாகவோ கருநிறமாகவோ வழுவழுப்பான போர்வைபோற் பரவுவன சயனோபற்றீரியாக்கள். இவை உண்மையிற் பாசியினம் ஆகா. நீரோட்டம் குன்றிக் கழிவுகள் தங்கும் மூலைகளே இவற்றிற்கு உகந்த இடம்.

இவை யாவற்றிற்கும் ஒளி வேண்டும். நைதரசனும் பொசுபரசும் வேண்டும். மீனின் கழிவும் உண்ணாதொழிந்த இரையும் அழுகி அமோனியாவைத் தருகின்றன. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்கள் புதிய தொட்டியிற் போதியளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். இறுதியில் எஞ்சும் நைத்திரேற்று மீனுக்குப் பெருந்தீங்கு விளைப்பதில்லை. பாசிக்கோ அது நல்லுரம். பெருங்கடலில் அது பரந்து கரைந்துவிடும். சிறு தொட்டியில் அது செல்லுதற்கு வழியில்லை.

இனி, கிணற்று நீர் இதனுட் புகுமாற்றை நோக்குவோம். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலின் குறைந்த அளவை நன்னீரால் நிரப்பியே உவர்ப்பை ஒருநிலைப்படுத்தல் வேண்டும். 60 இலீற்றர் கொள்ளும் தொட்டியொன்றில் நாளொன்றுக்கு 1 இலீற்றர் ஆவியாகிறது எனவும், இட்டு நிரப்பும் கிணற்று நீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிறாம் நைத்திரேற்று உளது எனவும் கொள்வோம். வாரத்தில் 350 மில்லிகிறாம் உட்புகும். பாசி உட்கொள்ளாதவிடத்து, முப்பது நாளில் தொட்டி நீரில் இலீற்றருக்கு 25 மில்லிகிறாம் சேர்ந்துவிடும். அந்நிலையில் வாரந்தோறும் 6 இலீற்றர் பழைய நீரை அகற்றித் தூய கடனீர் இடினும் வெளியேறுவது 150 மில்லிகிறாமே. வரவு 350, செலவு 150. நீரை மாற்றியும் பாசி குறையவில்லை என்போர் இக்கணக்கை நோக்குவாராக.

ஆகவே, பரிகாரத்துள் முதன்மையானது நிரப்பும் நீரை மாற்றுதல். வாலைவடிநீரோ, மென்சவ்வினூடாக அழுத்திச் செலுத்தித் தூய்மையாக்கிய நீரோ, முதன்மழை கூரையைக் கழுவியபின் சேர்த்த மழைநீரோ ஏற்றது. உலோகக் கூரை நீரைத் தவிர்த்தல் நன்று. கடனீர் எடுக்குங்கால், நகரக் கழிவு கலக்கும் பரவைக்கடற் கரையையும், கீரிமலை போல நன்னீரூற்றுக் கடலோரத்தே சுரக்கும் இடங்களையும் விலக்குக. மாரிக்காலத்திற் பரவைக்கடலின் உவர்ப்புப் பெரிதும் தாழும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

இரையைச் சில நிமிடங்களில் உண்டு முடிக்குமளவிற்கே இடுக, எஞ்சியதை அகற்றுக. சாளரத்து வெயில் நேரே படாது தொட்டியை அமைத்து, விளக்கொளியை நாளுக்கு எட்டு மணி நேரமளவில் நிறுத்துக. வளர்ந்த பாசியைக் கையாற் பறித்து வெளியேற்றுக; அது உட்கொண்ட உரமும் உடன் வெளியேறும். மேயும் ஊரிகள் சிலவற்றை விடுதலும் பயன் தரும். இலண்டன் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்ரன் 1850இல் வெளியிட்ட ஆய்வுரையில், நன்னீர்த் தொட்டியொன்றில் அழுகலும் பாசியும் மிகுந்தபோது நத்தைகள் அதனைத் தெளிவித்தமையைக் காட்டியுள்ளார். நம் கடலின் ஓரா மீனும் பாசி மேய்வதே. ஆயின் அது பெரிதாய் வளரும், அதன் முள்ளும் நச்சுடையது. சிறு தொட்டிக்கு ஒவ்வாது. மயில்துத்தம் இடுதல் அறவே கூடாது. செம்பு ஊரியையும் நண்டையும் இறாலையும் கொல்லும். ஒருங்கே மடிந்த பாசியும் அழுகி ஒட்சிசனைக் குறைக்கும்.

இத்துணையும் தொட்டிக்குரியன. கிணற்றுக்குரியதோ இதனினும் பெரிது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நம் குடாநாட்டிற் குடிநீரும் பாய்ச்சும் நீரும் பெரிதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே. வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்கு மிகையாக இடும் யூரியாவும் எருவும், மலகூடக் குழிகளின் கசிவும் மேலுள்ள மண்ணைக் கடந்து அந்நீரை அடைகின்றன. செறிந்த பயிர்ச்செய்கை நிகழும் பகுதிகளிற் பல கிணறுகள் உலக சுகாதார நிறுவனம் வகுத்த 50 மில்லிகிறாம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமையை 1980கள் தொடக்கம் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அத்தகைய நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்க வைத்தல் இதற்குப் பரிகாரமாகாது. நீர் குறையக் குறைய நைத்திரேற்றின் செறிவு ஏறும்.

முன்னாளிற் கரையொதுங்கிய சாதாழையை அள்ளி நிலத்துக்கு எருவாக இட்டனர் நம் உழவர். கடல் நிலத்துக்கு உரம் ஈந்த காலம் அது. இன்று நிலத்தின் உரம் கிணற்றுக்கும் கடலுக்கும் இறங்குகின்றது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணால் அறிதல் இயலாது. பாசி அதனை ஐயுறச் செய்யும். அளந்து துணிதல் சோதனையாலேயே ஆகும். எனவே, மாணவர் தம் தொட்டியிற் பாசி மிகக் கண்டவிடத்து, நிரப்பிய கிணற்று நீரையும் சோதித்தறிவாராக. கைக்குழந்தை உள்ள வீடாயின் அச்சோதனையைப் பின்போடலாகாது.