“வாடா, போடா” நண்பர்களின் சண்டை

ஒரே ஒரு போட்டோ!

அந்தப் போட்டோவைப் பார்த்து எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்.

அது 2019–ம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். இசைக் கச்சேரி ஒன்றுக்கு ஒத்திகை நடந்து கொண்டிருந்தது. அங்கே வயதான இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக் கொண்டார்கள்.

ஒருவர் இசை அமைப்பாளர் இளையராஜா. இன்னொருவர் பின்னணிப் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம்.

“ராஜாவும் பாலுவும் சேர்ந்து விட்டார்கள்!”

வீடு தோறும் இதே பேச்சு. டீக்கடையிலும் இதே பேச்சு. 2 ஆண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் ஒன்று சேர்ந்தால், அதைக் கேட்கிறவர்களுக்கும் மகிழ்ச்சிதானே!

அவர்கள் ஏன் பிரிந்தார்கள்? எப்படிச் சேர்ந்தார்கள்? அந்தக் கதையைத் தெரிந்து கொள்ள, அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

கிராமத்தில் இருந்து வந்தவர்

இளையராஜாவின் சொந்த ஊர் பண்ணைப்புரம். இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கிறது. இவருடைய அண்ணன் பாவலர் வரதராசன், ஊர் ஊராகப் போய் மேடைகளில் பாடியவர். அண்ணன் பாட, தம்பி ஆர்மோனியம் வாசித்தார்.

சினிமாவில் சேர வேண்டும் என்ற ஆசையுடன் 1968–ம் ஆண்டு இளையராஜா சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்தார். கிடாரும் கற்றுக் கொண்டார்.

அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

என்ஜினீயர் ஆக வந்தவர்

பாலசுப்பிரமணியம் 1946–ம் ஆண்டு ஜூன் 4–ந் தேதி பிறந்தவர். தந்தை ஹரிகதை சொல்லுகிறவர். மகன் என்ஜினீயர் ஆக வேண்டும் என்று வீட்டில் விரும்பினார்கள். அந்தப் படிப்புக்காகத்தான் பாலு சென்னைக்கு வந்தார்.

படிப்பு ஒரு பக்கம். பாட்டு ஒரு பக்கம். கடைசியில் பாட்டு வென்றது!

1966–ம் ஆண்டு டிசம்பரில் தெலுங்குப் படம் ஒன்றுக்காக முதல் பாட்டுப் பாடினார். 1969–ம் ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த “அடிமைப்பெண்” படம் வெளிவந்தது. அந்தப் படத்தில் பாடிய பாட்டு, பாலுவின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு போய்ச் சேர்த்தது.

ஒரே மேடை

சினிமாவில் பாடியதோடு, பாலு மெல்லிசைக் கச்சேரியும் நடத்தினார். அவருடைய குழுவில் வாசித்தவர்கள் யார் தெரியுமா?

இளையராஜா! முதலில் கிடார் வாசித்தார். பிறகு ஆர்மோனியம் வாசித்தார்.

அவருடைய அண்ணன் பாஸ்கர் தாள வாத்தியம் வாசித்தார். தம்பி கங்கை அமரன் கிடார் வாசித்தார்.

எல்லோரும் வாலிபர்கள். மேடையில் பாட்டு; மேடைக்குக் கீழே கேலியும் கிண்டலும். இளையராஜா 3 வயது மூத்தவர். ஆனாலும் “அண்ணே” என்ற மரியாதை எல்லாம் கிடையாது. “வாடா, போடா” என்றுதான் பேச்சு.

இந்த “வாடா, போடா” சாதாரணமானது அல்ல. மரியாதை குறைந்ததால் வருவது ஒரு வகை. மனசு நெருங்கியதால் வருவது இன்னொரு வகை. இது இரண்டாவது வகை!

இடம் மாறியது

1976–ம் ஆண்டு “அன்னக்கிளி” படம் வெளிவந்தது. பட்டிதொட்டி எங்கும் அந்தப் படத்தின் பாட்டு ஒலித்தது. இளையராஜா ஒரே படத்தில் புகழின் உச்சிக்குப் போனார்.

அதுவரை பாலு குழுவின் தலைவர். இளையராஜா அந்தக் குழுவில் வாத்தியம் வாசிப்பவர். இப்போதோ இளையராஜா இசை அமைப்பாளர். அவர் சொல்லிக் கொடுப்பதைப் பாடுகிறவர் பாலு.

இப்படி மேலும் கீழும் இடம் மாறும்போது, எத்தனையோ நட்பு உடைந்து போகும். இவர்கள் நட்பு உடையவில்லை. “வாடா, போடா” அப்படியே இருந்தது.

அந்த நாளில் பாட்டுப் பதிவு செய்வது இப்போது போல அல்ல. வயலின்காரர், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கூடவே பாடகரும் பாட வேண்டும். யாராவது ஒருவர் பிசகினாலும், மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் சிரித்துப் பேசிப் பழகி இருந்தால்தான், வேலை சிரமம் தெரியாமல் நடக்கும்.

“பயணங்கள் முடிவதில்லை” (1982), “உதயகீதம்” (1985), “மவுன ராகம்” (1986), “கேளடி கண்மணி” (1990), “தளபதி” (1991)... இளையராஜா இசையில் பாலு பாடிய படங்களின் பட்டியல் நீண்டு கொண்டே போகும்.

“சாகர சங்கமம்” என்ற தெலுங்குப் படம் 1983–ல் வந்தது. அதில் இசைக்கான தேசிய விருது இளையராஜாவுக்கு. பாடியதற்கான தேசிய விருது பாலுவுக்கு. 1988–ல் வந்த “ருத்ரவீணா” படத்திலும் அதே கதை. இசை விருது இவருக்கு. பாட்டு விருது அவருக்கு!

வக்கீல் நோட்டீசு

பாலு சினிமாவில் பாட வந்து 50 ஆண்டு ஆனது. அதைக் கொண்டாட, அவருடைய மகன் உலகம் முழுவதும் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்தார். 2016–ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கனடாவில் தொடங்கியது. பல நாடுகளில் நடந்தது. 2017 மார்ச் மாதம் குழு அமெரிக்காவுக்குப் போயிற்று.

அப்போதுதான் இடி விழுந்தது. இளையராஜாவின் வக்கீலிடம் இருந்து நோட்டீசு வந்தது.

“இளையராஜா இசை அமைத்த பாடல்களை அவருடைய அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது” என்பது நோட்டீசின் சாரம். பாலுவுக்கு மட்டும் அல்ல. அவருடைய மகனுக்கும், பாடகி சித்ராவுக்கும் நோட்டீசு வந்தது.

பாலு என்ன செய்தார்? “இப்படி ஒரு அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சட்டம் அதுதான் என்றால் அதற்குக் கட்டுப்படுகிறேன்” என்ற பொருளில் பேஸ்புக்கில் எழுதினார். மற்ற இசை அமைப்பாளர்களின் பாடல்களைப் பாடிக் கச்சேரியை நடத்தப் போவதாகச் சொன்னார். இதைப்பற்றி யாரும் கடுமையாகப் பேச வேண்டாம் என்று ரசிகர்களையும் கேட்டுக் கொண்டார்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது.

ஒரு பாட்டு உருவாக எத்தனை பேர் வேண்டும்? கவிஞர் எழுதுகிறார். இசை அமைப்பாளர் மெட்டுப் போடுகிறார். பாடகர் பாடுகிறார். பட அதிபர் பணம் போடுகிறார். அப்படியானால் பாட்டு யாருக்குச் சொந்தம்?

காப்புரிமைச் சட்டம் 1957–ம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2012–ல் அதில் முக்கியமான திருத்தங்கள் வந்தன. பாட்டினால் வரும் வருமானத்தில், எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டு என்பது உறுதி செய்யப்பட்டது. டிக்கெட் போட்டு ஒரு கச்சேரி நடக்கிறது. லட்சக்கணக்கில் பணம் வருகிறது. மெட்டுப் போட்டவருக்கு ஒன்றும் இல்லையா? இது இளையராஜா பக்கத்து நியாயம்.

“நாங்கள் சேர்ந்து வளர்த்த பாட்டு அல்லவா? நண்பன் ஒரு வார்த்தை டெலிபோனில் சொல்லி இருக்கலாமே! வக்கீல் எதற்கு?” என்று பாலுவின் ரசிகர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அண்ணன் ஒரு கட்சி; தம்பி ஒரு கட்சி. ஒரே வீட்டுக்குள் வாக்குவாதம்! ஆனால் ராத்திரி ரேடியோவில் பாட்டு வந்தால், இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு கேட்டது. மெட்டு இவருடையது, குரல் அவருடையது. எதைத் தள்ளுவது?

கட்டித் தழுவினர்

2 ஆண்டுகள் ஓடின.

இளையராஜா தம் பிறந்த நாளை ஜூன் 2–ந் தேதி கொண்டாடுவது வழக்கம். 2019–ம் ஆண்டு அதே நாளில், பூந்தமல்லி அருகே பிரமாண்டமான கச்சேரிக்கு ஏற்பாடு ஆனது. அதில் பாட பாலு வருவாரா?

வந்தார்!

முன்னதாக நடந்த ஒத்திகையில்தான் அவர்கள் கட்டித் தழுவிக் கொண்டார்கள். கச்சேரி அன்று இளையராஜா இசை நடத்த, பாலு பாடினார். ஜேசுதாசும் பாடினார்.

கவனித்தீர்களா? பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வாதம் அந்த மேடையில் தீர்ந்துவிடவில்லை. அந்தக் கேள்வி பிறகும் கோர்ட்டுகளில் வந்து கொண்டுதான் இருந்தது. வழக்கு தீர்ந்த பிறகு நண்பர்கள் சேரவில்லை. முதலில் சேர்ந்து கொண்டார்கள். வாதம் தன் வழியே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கொரோனா காலம்

2020–ம் ஆண்டு கொரோனா வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

டாக்டர்கள், நர்சுகள், துப்புரவுத் தொழிலாளர்கள், போலீசார் ஆகியோர் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களைப் பாராட்டி இளையராஜா ஒரு பாட்டு உருவாக்கினார். “பாரத் பூமி” என்று பெயர். அதைத் தமிழில் பாடியவர் பாலு. மே மாதக் கடைசியில் அது வெளிவந்தது.

சண்டை நீடித்திருந்தால், அந்தப் பாட்டு பிறந்தே இருக்காது.

அடுத்த 3 மாதத்துக்குள், அதே கொரோனா பாலுவைப் பிடித்தது. ஆகஸ்டு 5–ந் தேதி, “எனக்கு லேசான காய்ச்சல்தான். கவலைப்பட வேண்டாம்” என்ற பொருளில் அவரே வீடியோவில் பேசினார். சென்னையில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஒரு வாரத்தில் உடல்நிலை மோசமானது.

இளையராஜா பதறினார். நண்பனை அழைத்து வீடியோவில் பேசினார். “சீக்கிரம் எழுந்து வா பாலு” என்று உருகினார். சினிமாவுக்கு முன்பே தொடங்கிய நட்பு இது என்றார். சண்டை இருந்த போதும், இல்லாத போதும் நமக்குள் இருந்தது நட்புதான் என்ற பொருளில் சொன்னார்.

ஆகஸ்டு 20–ந் தேதி மாலை 6 மணி. திரை உலகத்தினரும் ரசிகர்களும் அவரவர் இருந்த இடத்தில் இருந்தே பாலுவுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். வீடுகளில் அவர் பாடிய பாட்டுகளை ஒலிக்க விட்டார்கள். இளையராஜா கட்சி, பாலு கட்சி என்று அன்று எந்தக் கட்சியும் இல்லை.

ஆனால் பாலு எழுந்து வரவில்லை. செப்டம்பர் 25–ந் தேதி பிற்பகல் 1 மணி அளவில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் உள்ள அவருடைய பண்ணைத் தோட்டத்தில் உடல் அடக்கம் நடந்தது. இளையராஜா திருவண்ணாமலை கோவிலுக்குச் சென்று, நண்பனுக்காக மோட்ச தீபம் ஏற்றினார்.

16 மாதம்

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவர்கள் கட்டித் தழுவியது 2019 மே. பாலு மறைந்தது 2020 செப்டம்பர். இடையில் இருந்தது 16 மாதம்தான்!

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவனே வரட்டும்” என்று இருவரும் இருந்திருந்தால்? “எழுந்து வா பாலு” என்ற குரலில் பாசத்தோடு குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும். அந்தப் பாரம் இளையராஜாவுக்கு இல்லாமல் போயிற்று. 16 மாதம் கொடுத்த வரம் அது.

பழைய மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த கங்கை அமரனை நினைவு இருக்கிறதா? அண்ணன் இளையராஜாவுக்கும் அவருக்கும் இடையிலும் பல ஆண்டுகள் மனத்தாங்கல் இருந்தது. 2022–ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அண்ணனும் தம்பியும் சந்தித்துக் கொண்டார்கள். அந்தப் போட்டோவும் வெளிவந்தது. அதைப் பார்த்தும் தமிழ்நாடு மகிழ்ந்தது.

நுங்கம்பாக்கத்தில் பாலு வாழ்ந்த காம்தார் நகரில், பிரதான சாலைக்கு “எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சாலை” என்று 2025–ம் ஆண்டு பெயர்ப் பலகை திறக்கப்பட்டது. அங்கிருந்து இளையராஜா வசிக்கும் தியாகராயநகர் அதிக தூரம் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் இடையே தூரம் குறைவு. ஆனாலும் நடுவில் 2 ஆண்டு மவுனம் இருந்தது!

உங்களுக்கும் இப்படி ஒரு நண்பர் இருக்கலாம். அக்காளோ, தம்பியோ, சம்பந்தியோ இருக்கலாம். பணத்துக்காகவோ, ஒரு சொல்லுக்காகவோ பேச்சு நின்று போயிருக்கலாம். யார் மேல் தப்பு என்ற கணக்கு இருக்கட்டும். அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

அவரும் வீட்டில்தான் இருப்பார். ஒரு டெலிபோன் போட்டு, “சாப்பிட்டாயா?” என்று கேட்டுப் பாருங்களேன்!